நாலே முக்கால் அடி உசரத்துக்கு மவுண்டன் சைக்கிள்: அளவை மதுரையிலேயே எடுத்துட்டுக் கிளம்புங்க

ஜெர்மனியில இருக்குற ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்கவும் வேலைக்கும் நம்ம ஊர்ப் பக்கமிருந்து வர்ற பொண்ணுங்க மூணு பேர் இதே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "அக்கா, நான் ரொம்பக் குட்டை. காட்டுப் பாதையில ஓட்டுற மாதிரி கியர் சைக்கிள் என் உசரத்துக்குக் கிடைக்குமா? கையில காசும் கம்மி." தனித்தனியா சொல்றதை விட இங்கயே எழுதிடுறேன். என் உசரம் நாலே முக்கால் அடி, அதாவது 145 செ.மீ. லீவுக்கு நாகமலை புதுக்கோட்டையில அம்மா வீட்ல இருக்கேன்.

கிடைக்கும். ஆனா நான் பண்ணின தப்பை நீங்க பண்ணக் கூடாது.

நான் போன புதுசுல ஒரு கடையில "ஸ்மால் சைஸ்தான், சீட்டை இறக்கிக்கலாம்"னு சொன்னாங்க. 27.5 இஞ்ச் சக்கரம். நானும் நம்பிட்டேன். சீட்டை அடி வரைக்கும் இறக்கினதும் பெடல் எட்டுச்சு, ஓட்டவும் முடிஞ்சுது. சின்ன வயசுல அப்பாவோட சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுப் பழகின உடம்பு, எதையும் சமாளிச்சு ஓட்டிரும். மூணாவது வாரம் காட்டுக்குள்ள ஒரு இறக்கத்துல சடார்னு நிறுத்த வேண்டியதாச்சு. சீட்ல இருந்து முன்னாடி இறங்கினேன், ரெண்டு காலும் தரைக்கு எட்டல. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல போற பார் மேல அப்படியே விழுந்தேன். பொம்பளைங்களுக்கு அந்த எலும்புல அடிபட்டா என்ன வலின்னு யாரும் வெளிய பேசறதில்ல. ஒரு வாரம் சரியா உட்கார முடியல. அப்புறம்தான் டேப் எடுத்து அளந்து பார்த்தேன்: பாரோட உசரம் 71 செ.மீ., என் கால் உள்ளளவு, அதாவது தொடை இடுக்குல இருந்து தரை வரைக்கும், 65. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் பார் இறங்காது. இந்த ஒரு விஷயம் முதல்லயே தெரிஞ்சிருந்தா அந்தச் சைக்கிளைத் தொட்டே இருக்க மாட்டேன்.

அதனால ஊர்ல இருக்கும்போதே கால் அளவை எடுத்துருங்க. போன வாரம் கீழக்குயில்குடிப் பொண்ணு ஒருத்திக்கு எங்க வீட்டு நடையில வச்சுதான் எடுத்தேன். செருப்பில்லாம சுவரோட முதுகு ஒட்டி நிக்கச் சொன்னேன். பாதம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டை போட்ட பழைய கணக்குப் புத்தகத்தை அதோட பைண்டிங் பக்கம் மேல வர்ற மாதிரி தொடைக்கு நடுவுல வச்சு, சீட்ல உட்கார்ந்தா எப்படி அழுத்துமோ அந்த அளவுக்கு மேல தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கிட்டு லேசா பிடிச்சா 61 காட்டுச்சு. "அழுத்திப் பிடிம்மா, இது உன் உடம்புக்குத்தான்"னு சொன்ன பிறகு 64. சுவர்ல பென்சில் கோடு போட்டு, அம்மாவோட தையல் டேப்புல தரையிலிருந்து அளந்தோம். மூணு தடவை எடுத்தும் 64தான் வந்துச்சு. அந்த நம்பரை எழுதி வச்சுக்கிட்டாதான் பின்னாடி எல்லாக் கணக்கும். ஜெர்மனியில இதுக்குப் பேரு ஷ்ரிட்லெங்கெ. கடையில இந்த வார்த்தையைச் சொல்லி நம்பரைச் சொன்னா உசரத்தைக் கேட்கவே மாட்டாங்க.

பார் உங்க கால் அளவை விடக் குறைஞ்சது 5 செ.மீ. கீழ இருக்கணும். காட்டுப் பாதைன்னா இன்னும் கொஞ்சம் கூட இருந்தா நல்லது, ஏன்னா அங்க ஒரு கால் பள்ளத்துலயும் ஒரு கால் மேட்டுலயும் ஊன்ற மாதிரிதான் நிறுத்த வரும். 64 காலுக்கு 59க்குக் கீழ பார். பெரியவங்களுக்குன்னு விக்கிற சைக்கிள்ல இது அபூர்வம். எக்ஸ்எஸ் சைஸ்ல பாதி கூடத் தேறாது. பெண்களுக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டினதாலயும் சின்னதாகிடாது, நிறம் மட்டும் மாறி பார் அதே உசரத்துல இருக்குறதை நிறைய பார்த்துட்டேன்.

அப்ப எங்க தேடுறது? ரெண்டு இடம்.

ஒண்ணு, பிள்ளைங்க பிரிவுல 24 இஞ்ச் சக்கரம். இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு முகம் சுண்டிப் போச்சு, "சின்னப் பிள்ளைங்க சைக்கிளாக்கா?"ன்னா. எங்க அக்கா பையனோட 24 இஞ்ச் கியர் சைக்கிள் வீட்ல இருந்துச்சு. சாயங்காலம் அதை எடுத்துக்கிட்டு சமணர் மலை அடிவாரத்துக்குப் போனோம். ஆலமரத்தைத் தாண்டி மண் பாதையில ஏறி இறங்கச் சொன்னேன். முதல் ரவுண்டுல மெதுவா போனா. ரெண்டாவது ரவுண்டுல திரும்புற இடத்துல நிறுத்தி, ரெண்டு காலையும் முழுப் பாதமா மண்ணுல ஊன்றி நின்னா. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு சைக்கிள்ல அப்படி நிக்கிறேன்னு சொன்னா. அதுக்கப்புறம் சின்னப் பிள்ளைங்க சைக்கிள்ங்கிற பேச்சே வரல.

24 இஞ்ச்ல இன்னொரு லாபம் கிராங்க், அதாவது பெடலைத் தாங்குற கை. பெரியவங்க சைக்கிள்ல பெடல் கை 170 மி.மீ. இருக்கும், நம்ம காலுக்கு அது ஒவ்வொரு சுத்துலயும் முழங்காலை வயித்து வரைக்கும் தூக்கும். பிள்ளைங்க சைக்கிள்ல 152 பக்கம் வரும். முட்டி வலி இருக்குறவங்களுக்கு இது ரொம்பப் பெரிய வித்தியாசம். வாங்கும்போது எவ்வளவு எடை தாங்கும்னு மட்டும் பாருங்க. முதுகுல மாட்டுற பையோட எடையையும் சேர்த்துக்கணும்.

ரெண்டாவது, பழைய 26 இஞ்ச் சக்கரம். கம்பெனிங்க எல்லாம் 27.5, 29ன்னு பெருசாகிப் போனதால நல்ல 26 சைக்கிள்கள் செகண்ட் ஹேண்ட்ல விலை இறங்கிக் கிடக்கு. டயர், டியூப் இன்னமும் தாராளமா கிடைக்கும். ஃப்ரேம் 13, 14 இஞ்ச்னு பாருங்க. ஜெர்மன் விளம்பரத்துல ராமென்ஹோஹென்னு செ.மீ.ல போடுவாங்க, 33லருந்து 36 வரைக்கும் நமக்கானது. ஆனா ஃப்ரேம் நம்பர் வேற, பார் உசரம் வேற. விக்கிறவங்ககிட்ட பாரோட நடுவுல டேப் வச்சு ஒரு ஃபோட்டோ கேளுங்க. அனுப்ப மாட்டேன்னு சொல்றவங்க வீட்டுக்கு ரயில் ஏறிப் போகாதீங்க. நான் இப்ப ஓட்டுறது அப்படிக் கிடைச்சதுதான், 180 யூரோ.

கால் சரியா இருந்தாலும் கை எட்டலன்னா பிரயோஜனமில்ல. பிரேக் பிடி பக்கத்துல குட்டியா ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினா பிடி ஹேண்டில் பாருக்குக் கிட்ட வரும். சின்ன விரல் உள்ளவங்க வாங்கின அன்னைக்கே இதைச் செய்யணும். ஒரே விரலால முழுசா அமுக்க முடியணும்.

முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்குற கவட்டை பத்தியும் சொல்லணும். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் 75, 80 கிலோ ஆளை நினைச்சுப் போட்டது. 45 கிலோ இருக்குற நமக்கு அது அசையவே அசையாது, வெறும் இரும்புப் பாரம்தான். காத்து அடிக்கிற ஃபோர்க் கிடைச்சா நம்ம எடைக்கு ஏத்த மாதிரி குறைச்சுக்கலாம். அதுக்குக் காசில்லன்னா ஸ்பிரிங்கே இல்லாத ஃபோர்க் மேல், சைக்கிளும் லேசாகும். குறைஞ்ச விலையில பின்னாடியும் ஸ்பிரிங் வச்ச சைக்கிள் மட்டும் வேண்டாம். 15 கிலோ சைக்கிள் நம்ம உடம்புல மூணுல ஒரு பங்கு, அதைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறணும்.

பழசு வாங்கும்போது ஃப்ரேம்ல பொறிச்ச வரிசை எண் சுரண்டாம இருக்கணும், பழைய பில் இருந்தா கேட்டு வாங்கணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு எழுதிக்கணும். திருட்டு சைக்கிள் கைக்கு வந்தா காசும் போச்சு, சைக்கிளும் போச்சு. வசந்த காலத்துல ஏடிஎஃப்சிங்கிற சைக்கிள் சங்கத்துக் கிளைகள் பல ஊர்ல பழைய சைக்கிள் சந்தை போடுறாங்க. அங்க நின்னு, ஏறி, ஓட்டிப் பார்த்து வாங்கலாம்.

கேள்வி வந்திருக்கு: "இங்க மதுரையில வாங்கி ஃப்ளைட்ல கொண்டு போகலாமா?" வேண்டாம்மா. பெட்டி கட்டுறது, பார அளவு, அங்க போய் மறுபடி பூட்டுறதுன்னு செலவு எகிறிடும். டேப்பும் நம்பரும் கொண்டு போங்க போதும்.

இன்னொருத்தங்க: "எனக்கு ஸ்கூட்டி நல்லா வரும், சைக்கிள் பழக்கம் விட்டுப் போச்சு. அங்கிட்டுப் போய்ப் பழகிக்கலாமா?" பழகிக்கலாம், ஆனா ஒண்ணு மனசுல வைங்க. நம்ம ஊர்ல வலது கை முன் பிரேக். ஜெர்மனியில இடது கைதான் முன் பிரேக். அவசரத்துல பழைய ஞாபகத்துல இடது கையை இறுக்கினா முன் சக்கரம் நின்னு ஆளு தலைகுப்புறப் போயிரும். முதல் வாரம் காலியான கார் பார்க்கிங்ல மட்டும் ஓட்டுங்க. வண்டியும் வலது பக்கம் போற ஊரு, ரெண்டும் சேர்ந்து குழப்பும்.

ஸ்டுட்கார்ட் போறவங்களுக்கு: ஊர் கிண்ணம் மாதிரி, சுத்தி ஏத்தம். மரியன்பிளாட்ஸ்ல இருந்து டெகர்லோக்குக்கு ஏறுற பல்சக்கர ரயில்ல சைக்கிள் வைக்க முன்னாடி தனி வண்டி இருக்கு, ஏத்தத்துக்கு அதைப் பிடிச்சுக்கலாம். காட்டுக்குள்ள 2 மீட்டருக்குக் குறைவான அகலப் பாதையில சைக்கிள் ஓட்ட அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கல, அதுக்குன்னு ஒதுக்கின பாதைகளைத் தவிர. அகலமான காட்டுப் பாதையே ஏராளமா இருக்கு.

பின்குறிப்பு: கீழக்குயில்குடிப் பொண்ணு அடுத்த மாசம் கிளம்புறா. நேத்து ராத்திரி ஒரு விளம்பரம் அனுப்பினா: 24 இஞ்ச், அலுமினியம், பார்ல டேப் வச்ச ஃபோட்டோ, 58 செ.மீ. முன் ஃபோர்க் ஸ்பிரிங் இல்லாதது. லைட்டும் பெல்லும் படத்துல இல்ல. ரோட்டுல ஓட்ட ரெண்டும் கட்டாயம், அதுக்கான காசை விலையில குறைச்சுக் கேளுன்னு சொல்லியிருக்கேன்.