தேக்குத் தளிரை மொட்டையடிக்கும் புழு: எப்போது மருந்து அடிப்பது?

ஐந்து வயதுத் தேக்கு, 60 மரம். கோடை மழைக்குத் தளிர்விட்டு இரண்டே வாரத்தில் எல்லாம் மொட்டை. நடு நரம்பும் பெரிய நரம்புகளும்தான் மிச்சம். முற்றிய இலையைச் சல்லடையாக அரிக்கும் புழு இல்லை இது. இலை ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, நூலால் ஒட்டி உள்ளே உட்கார்ந்து தின்கிறது. தொட்டால் நூல் விட்டுத் தொங்குகிறது. மரத்தடியில் நின்றால் எச்சம் விழும் சத்தம் தூறல் மாதிரி கேட்கிறது. ஹிப்ளியா பியூரா அந்துப்பூச்சிதான், சந்தேகமில்லை.

வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தேன், பலனில்லை. விளக்குப் பொறியில் கண்ட பூச்சியும் விழுந்தது, இது மட்டும் நாலைந்துதான். அப்புறம் பி.டி. மருந்து (புழுவைக் கொல்லும் பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்). அதற்குள் பெரும்பாலான புழு கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழு ஆகிவிட்டது. கைத்தெளிப்பான் உச்சிக்கு எட்டவும் இல்லை.

மரம் சாகாது, தெரியும். ஆனால் கேரளாவில் நிலம்பூர்த் தோட்டங்களில் செய்த ஆய்வில், இந்தப் புழுவால் இளம் தேக்கின் மர வளர்ச்சியில் 44 சதவீதம் போனதாகக் கண்டார்கள். போன வருஷம் நுனிமொட்டைத் தின்றதில் என் மரம் இரண்டு கவட்டையாகிவிட்டது.

இப்போது மறுதளிர் விரல் நீளம் வந்திருக்கிறது. புழு எந்த அளவில் இருக்கும்போது பி.டி. அடித்தால் இந்தத் தளிராவது தப்பும்?