டுரான்ட் ஜங்ஷன்: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பிளின்ட்டிலிருந்து:
சிகாகோ போக டுரான்டில் ரயில் ஏறினேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரோ சின்னது, மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஸ்டேஷன் மட்டும் பெருநகரத்துக்குக் கட்டியது போல 239 அடி நீளம்! முனையில் கூம்புக் கூரை போட்ட உருண்டைக் கோபுரங்கள் வேறு. 1903இல் கட்டியது, 1905இல் தீப்பிடித்து எரிந்தது, அதே வருடமே திரும்ப எழுப்பிவிட்டார்கள். அவசரம் இல்லாமலா? சிகாகோ போகும் கிராண்ட் ட்ரங்க் ரயில் கம்பெனியின் பாதை, டெட்ராய்ட்டிலிருந்து வரும் கிளை, டொலீடோவிலிருந்து வடக்கே ஏறும் ஆன் ஆர்பர் ரயில் கம்பெனியின் பாதை எல்லாம் இங்கேதான் சந்தித்தன. ஆன் ஆர்பர்காரர்கள் பிராங்க்ஃபர்ட் துறையில் சரக்குப் பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றி மிச்சிகன் ஏரியைத் தாண்டிவிட்டார்கள்.

இப்போது பயணிகளுக்கு இருப்பது அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ப்ளூ வாட்டர் ரயில் மட்டும். காலையில் சிகாகோ, இரவில் திரும்பல். அவ்வளவுதான்.

லான்சிங்கிலிருந்து:
சர்க்கஸ் விபத்தை விட்டுவிட்டீர்களே! 1903 ஆகஸ்ட் 7, பொழுது விடியுமுன். வாலஸ் பிரதர்ஸ் சர்க்கஸ் இரண்டு ரயில்களில் வந்தது. முதல் ரயில் யார்டில் நின்றிருக்க, பின்னால் வந்தது நிற்காமல் அதன் வால் பெட்டிகளில் ஏறியது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர். 23 பேர் போய்விட்டார்கள். ஒரு யானையும் ஒட்டகங்களும் செத்தன. அடையாளம் தெரியாத சிலரை ஊரிலேயே, லவ்ஜாய் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், தேடி வர யார் இருந்தார்களோ. ஸ்டேஷனைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு எட்டுப் போய் வாருங்கள்.

ஆன் ஆர்பரிலிருந்து:
நான் போவது டயமண்டுக்காக, அதாவது இரண்டு பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடம். கனேடியன் நேஷனல் கம்பெனியின் சரக்கு ரயில் அதைக் கடக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் தடதடவென்று அடிக்கும். பேச்சை நிறுத்திவிட வேண்டியதுதான். கிராண்ட் ட்ரங்கின் கடைசி நீராவிப் பயணிகள் ரயில் 1960 மார்ச் 27 அன்று டெட்ராய்ட்டிலிருந்து இங்கேதான் வந்தது. கட்டடம் 1974இல் மூடப்பட்டு, இடிபட இருந்ததை 1979இல் நகராட்சி ஒரு டாலருக்கு வாங்கிக் காப்பாற்றியது. எனக்குக் கோபுரத்தைவிட அந்த ஒரு டாலர்தான் பெரிதாகப் படுகிறது. உள்ளே ரயில் வரலாற்று அருங்காட்சியகம் உண்டு; எல்லா நேரமும் திறந்திருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள்.