காட்டுக் கிளைகளில் பயோசார் (மண்ணுக்கு இடும் கரி): மேலே சாம்பல், அடியில் வேகாத கட்டை. ஏன்?

கேள்வி:
மரம் வெட்டிய இடத்தில் மிஞ்சும் கிளை, சுள்ளிகளை அங்கேயே கரியாக்க வேண்டும். கூம்புக் குழி, வாய் அகலம் 1.5 மீட்டர், ஆழம் 80 செ.மீ. நிரப்பி மேலே பற்றவைத்தால் ஒரே புகை. கடைசியில் மேலே சாம்பல், அடியில் பாதி கருகிய கட்டை. தகரம் போட்டு மூடினால் சரியாகுமா?

பதில்:
மூட வேண்டாம். இந்தக் குழிக்குச் சுவாலையேதான் மூடி. இறங்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனை அது தின்றுவிடுவதால் அடியில் இருக்கும் கரி எரியாது. ஆகவே முதலிலேயே நிரப்பக் கூடாது. அடியில் சுள்ளியை மூட்டி, தணல் பரவியதும் ஒரு அடுக்கு கிளை போடுங்கள். அதன் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் சுவாலை அமுங்கிப் புகையும். தாமதித்தால் கரி நீறாகும். குழி நிரம்பும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டிய வேலை இது.

மணிக்கட்டைவிடத் தடித்ததைப் பிளந்துவிடுங்கள். இருப்பதில் தடித்தவை கீழ் அடுக்குகளுக்கு, வேக நேரம் கிடைக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்: முறித்தால் படக்கென்று ஒடியணும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

பதில்:
மேலே சொன்னதோடு, அணைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் குழி சுமார் 470 லிட்டர் கொள்ளும். 300 லிட்டர் தண்ணீராவது இல்லாமல் தீ மூட்டாதீர்கள். கடைசி அடுக்கின் சுவாலை தணிந்ததும் ஓரமாக நின்று ஊற்றுங்கள், நீராவி முகத்தில் அடிக்கும். மண்வெட்டியால் புரட்டி மறுபடி ஊற்றுங்கள். உள்ளே ஒரு கங்கு மிஞ்சினாலும் சாக்கில் கட்டிய பிறகு பற்றிக்கொள்ளும். பரப்பி வைத்து, மறுநாள் கைவைத்துப் பார்த்துவிட்டே மூட்டை கட்டுங்கள். காற்று வீசும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கரி நன்றாக வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? அப்படியே மண்ணில் போடலாமா?

பதில்:
விரலில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுத்துச் சோப்பு கேட்டால் தார் தங்கியிருக்கிறது, அடுத்த முறை கீழ் அடுக்கில் போட்டு எரியுங்கள்.

பச்சையாக மண்ணில் போடாதீர்கள். முதல் பருவத்தில் பயிருக்கான தழைச்சத்தைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். நொறுக்கி, கம்போஸ்ட் குவியலில் கொள்ளளவில் 10 சதவீதம் கலந்து மக்கவிடுங்கள். கரி காரத்தன்மை உள்ளது. புளிப்பு மண்ணுக்கு நல்லது, ஏற்கெனவே களர் நிலமென்றால் தவிர்க்கவும்.

இன்னொன்று: உளுத்துப்போன பெரிய கட்டைகளை எடுக்காதீர்கள். அவற்றில் கரியும் குறைவு. பூஞ்சைக்கும் வண்டுக்கும் அவைதான் வீடு.