‘டக்’ என்றால் சிரி, ‘ஸ்வீட்ஹார்ட்’ என்றால் யோசி: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வெளிநாடு போனவர்களுக்கு

கேள்வி: பென்னாகரம் பக்கம், இப்போது ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட், இங்கிலாந்து

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் வணக்கம். நர்ஸ் வேலைக்கு வந்து இப்பதான் வார்டுல போட்டிருக்காங்க. பேஷன்ட், கிளீனிங் பண்ற அம்மா, பஸ் டிரைவர், யாரப் பாத்தாலும் என்னை ‘டக்’ங்கறாங்க, வாத்துன்னு. ‘தேங்க்யூ டக்’, ‘யூ ஆல்ரைட் டக்?’ மொதல்ல கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன், இப்ப பழகிடுச்சு. ஆனா கூட வேலை செய்யற சீனியர் ஒருத்தர் என்னை மட்டும் ‘ஸ்வீட்ஹார்ட்’னு கூப்பிடறாரு. கேட்கவே ஒரு மாதிரி இருக்குது. வீட்ல சொன்னா அப்பா ‘மொதல்ல கிளம்பி வா’ன்னுடுவாரு. என் ரூம்மேட் கோட்டயத்துப் பொண்ணு, ‘இந்த ஊர்ல எல்லாம் இப்படித்தான், கண்டுக்காத’ங்கறா. நான்தான் பெருசு பண்றேனா?

பதில்: கிருஷ்ணகிரி, இப்போது ஷெஃபீல்ட்

தங்கச்சி, உன் ரூம்மேட் சொன்னது ‘டக்’குக்குப் பொருந்தும். அந்த சீனியருக்குப் பொருந்தாது.

முதலில் டக்கை முடித்துவிடலாம். நீ இருக்கிற ஸ்டோக்கில் தொடங்கி டெர்பி, நாட்டிங்காம், லெஸ்டர் வரை அது ஊர் வழக்கம். ஆம்பளை ஆம்பளையைக் கூப்பிடுவான், பாட்டி பேரனைக் கூப்பிடும், கடைக்காரர் வருகிற எல்லாரையும் கூப்பிடுவார். கொஞ்சம் வடக்கே வந்தால் எங்கள் யார்க்ஷயரில் ‘லவ்’. இங்கே வயசான ஆண்கள் இன்னொரு ஆணையே ‘லவ்’ என்பார்கள்; நம்ம பசங்க முதல் தடவை கேட்கும்போது முகத்தைப் பார்க்கணும். நியூகாசில் போனால் ‘பெட்’. கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’, பர்மிங்காமில் ‘பாப்’. பிரிஸ்டலில் பஸ் டிரைவர் ‘மை லவர்’ என்றால் பதறாதே, ‘எங்கே இறங்கணும்’ என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

நமக்கு இது புதுசும் இல்லை. போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமைச் சந்தையில் ஒரு சுற்று நடந்து வந்தால் எத்தனை பேருக்கு நாம் கண்ணு, எத்தனை பேருக்கு ராசா! ‘என்ன சாமி வேணும்’, ‘ரெண்டு கிலோவாப் போட்டுக்கோ தங்கம்’. ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிற அக்காமார் பரிசலுக்குப் போகிறவர்களை வழிமறித்துக் கூப்பிடுகிற கூப்பாட்டில் உறவுமுறைக்குப் பஞ்சமே கிடையாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு இன்னும் வசதி, மூணு பாஷையிலும் சொந்தம் கிடைக்கும்: ஒருத்தர் ‘அண்ணா’, ஒருத்தர் ‘குரு’, ஒருத்தர் ‘நாயனா’. யாரும் நம் மேல் கை போட வரவில்லை, வியாபாரம் நடக்கிறது. மாவட்டக் கலெக்டரே போய்த் தக்காளி வாங்கினாலும் அந்தக் கிழவி ‘வா கண்ணு’ என்றுதான் சொல்லும்.

அதே ஊரில் இன்னொன்றும் பார்த்திருக்கிறோம். அதை மூடி மறைத்துவிட்டு ‘நம்ம ஊர்ப் பாசம் வருமா’ என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. களத்தில் வேலை செய்கிற அறுபது வயசுக்காரரை நிலத்துக்காரர் வீட்டுச் சின்னப் பையன் பேர் சொல்லி ‘வாடா’ என்பான். அவர் ‘சொல்லுங்க சாமி’ என்பார். சந்தையில் கேட்ட அதே சாமிதான். அதில் பாசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நீ நம்புவாயா? அவர் அந்தப் பையனைத் திருப்பி ‘என்னடா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கு ஊரில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் நான் பார்ப்பது ரெண்டுதான். இந்த ஆள் இதை எல்லாரிடமும் சொல்கிறாரா? நான் அதையே திருப்பிச் சொன்னால் தாங்குவாரா?

பஸ் டிரைவரிடம் இறங்கும்போது ‘தேங்க்யூ டக்’ என்று சொல்லிப் பார், மனுஷன் குளிர்ந்துபோவார். இப்போது அந்த சீனியரை வார்டு ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் ‘ஓகே ஸ்வீட்ஹார்ட்’ என்று நீ சொல்வதாக நினைத்துப் பார். மூத்த டாக்டரான கன்சல்டன்ட்டை அவர் அப்படிக் கூப்பிடுவாரா? ஆண் நர்ஸ்களைக் கூப்பிடுகிறாரா? ‘என்னை மட்டும்’ என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் பேர் உன் சட்டையில் பேட்ஜாகத் தொங்குகிறது, அவருக்கு வாசிக்கத் தெரியும்.

இந்த ஊர்ப் பெண்களுக்கு இது உறைக்காது, நமக்குத்தான் தொட்டால் சுருங்கி மனசு என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. 2011 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஏஞ்சலா ஈகிளைப் பார்த்து ‘காம் டவுன் டியர்’ என்றார். ஒரு டிவி விளம்பர வசனம், தமாஷ்தான் என்று அவர் தரப்பு சொன்னது. ஏஞ்சலாவின் லேபர் கட்சி மன்னிப்புக் கேட்கச் சொன்னது, பெரிய சண்டையாகிவிட்டது. ‘டியர்’ என்பதை நாம் லீவ் லெட்டரில் தலைமை ஆசிரியருக்கே போட்டிருக்கிறோம். பேசிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை உட்கார வைக்க அதைப் பயன்படுத்தும்போது அது வேறு காரியம் செய்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள். பிரிட்டனில் 2010 ஈக்வாலிட்டி ஆக்ட், பிரிவு 26. வேலையிடத்தில் பாலினம், இனம் போன்றவற்றை ஒட்டி, நீ விரும்பாத நடத்தை உன் கண்ணியத்தைக் குலைத்தால் அது தொந்தரவு. ‘தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை’ என்பதோடு கதை முடியாது, உன் மேல் அதன் விளைவு என்ன என்றும் பார்ப்பார்கள். அந்த விளைவு நியாயமானதுதானா என்றும் பார்ப்பார்கள், அதனால் ஒரே ஒரு ஸ்வீட்ஹார்ட்டை வைத்துக்கொண்டு டிரிப்யூனல் வரை போகலாம் என்று கனவு காணாதே. 2024 அக்டோபர் 26 முதல், பாலியல் தொந்தரவு நடக்காமல் தடுக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்வது வேலை கொடுக்கிறவரின் கடமை. புகார் சொன்னதற்காகப் பழிவாங்கினால் அதற்குத் தனியாகப் பிரிவு 27 இருக்கிறது. விசா ஸ்பான்சர்ஷிப்பை நினைத்துத்தான் நம்ம பெண்கள் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. ஸ்பான்சர் பண்ணுவது உன் டிரஸ்ட், அதாவது ஆஸ்பத்திரியை நடத்துகிற அமைப்பு. அந்த ஆள் இல்லை.

ஆனால் முதல் அடியே புகார் வேண்டாம். தனியாக இருக்கும்போது, சாதாரணக் குரலில், ‘ப்ளீஸ் யூஸ் மை நேம்’. நாலு வார்த்தை போதும். ரெண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு: சாரி என்று ஆரம்பிக்காதே, சொல்லும்போது சிரிக்காதே. சங்கடம் வந்தால் நாம் சிரிப்போம், அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். எதிரில் நிற்கிறவருக்கு அது சம்மதமாகப் போய்ச் சேரும். நிறைய பேர் ஒரு தடவை சொன்னாலே நிறுத்திவிடுவார்கள், நாக்குப் பழக்கமாக இருந்திருக்கும். சொன்ன பிறகும் தொடர்ந்தால் தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்து வை. போனில் இல்லை, உனக்கு நீயே இமெயில் அனுப்பு. பிறகு வார்டு மேனேஜரிடம் போ. யூனியனில் சேரவில்லை என்றால் சேர்ந்துவிடு, ஆர்.சி.என். இல்லாவிட்டால் யூனிசன்.

பதில்: ஓசூர், இப்போது ஷார்ஜா

அக்கா சொன்ன கணக்கு இங்கயும் அப்படியே வருது. எங்களுக்கு ‘ஹபீபி’, அரபியில அன்பேன்னு அர்த்தம். டாக்சிக்காரர், பக்காலா (மளிகை) கடைக்காரர், சிக்னல்ல ஹார்ன் அடிச்சுத் திட்டற ஆளு வரைக்கும் ஹபீபி. நாமளும் திருப்பிச் சொல்லலாம், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஆனா ‘சதீக்’னு ஒண்ணு இருக்குது. நண்பான்னு கூப்பிடறாங்கன்னு ஊர்லேர்ந்து வந்த புதுசுல சந்தோஷமா இருக்கும். அப்புறம் பாத்தா சைட்ல வெயில்ல நிக்கற நம்மாளுங்க, பங்களாதேஷ்காரங்க, இவங்கள மட்டும்தான் சிலர் கையத் தட்டி ‘ஏ சதீக்’ங்கறாங்க. ஏசி ரூம்ல உக்காந்திருக்கற இன்ஜினியர அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன், மனசார நண்பனாப் பேசறவங்களும் உண்டு. தொனியிலயே தெரிஞ்சுடும்.

பசங்களுக்கு ஒண்ணு: நமக்கு யாரும் ஹபீபி சொல்லட்டும். முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட ‘ஹபீப்தி’ன்னு நாம ஆரம்பிக்க வேண்டாம். விளையாட்டில்ல, போலீஸ் வரைக்கும் போகும்.

பதில்: காரிமங்கலம், இப்போது சிங்கப்பூர்

இங்க முடி நரைச்சா ‘அங்கிள்’. கோப்பிக் கடைல, எம்.ஆர்.டி. ரயில்ல, லிஃப்ட்ல. எனக்கு நாப்பத்தொண்ணுதான் ஆகுது. இதுக்குப் புகார் யார்கிட்ட குடுக்கறது?

பதில்: கிருஷ்ணகிரி, ஷெஃபீல்ட்

காரிமங்கலத்துத் தம்பிக்கு: டை அடிங்க. இங்கிலாந்து வருகிறவர்களுக்கு: உங்க அங்கிள், ஆன்ட்டியை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். நாம் மரியாதை என்று நினைத்து வெள்ளைக்கார அம்மாவை ‘ஆன்ட்டி’ என்றால், ‘நான் அவ்வளவு கிழவியாகவா தெரிகிறேன்’ என்று அந்த அம்மா மனசுக்குள் நொந்துகொள்ளும்.

கேள்வி கேட்டவர்: ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்

ரொம்ப நன்றி அக்கா. நாளைக்கு அவர்கிட்ட சொல்லிப் பாக்கறேன். இன்னொரு சந்தேகம். எங்க வார்டு முழுக்க வயசானவங்க. மத்த நர்ஸுங்க ‘டார்லிங்’, ‘குட் கேர்ள்’னு கூப்பிட்டு மாத்திரை குடுக்கறாங்க. நானும் எங்க ஆயா மாதிரி நெனச்சு அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அதுவும் தப்பா?

பதில்: கிருஷ்ணகிரி, ஷெஃபீல்ட்

இந்தக் கேள்விதான் முந்தினதை விடப் பெரிசு, ஏனென்றால் இங்கே மேல்படியில் நிற்கிறவள் நீ. படுக்கையில் இருக்கிற அந்த அம்மாவால் எழுந்து கழிவறைக்குக்கூட உன் உதவி இல்லாமல் போக முடியாது. அவர் உன்னைத் திருப்பி எதுவும் சொல்லிவிட முடியுமா?

சிலருக்கு நிஜமாகவே பிடிக்கும். வீட்டில் கூப்பிட ஆள் இல்லாதவர்கள் ‘டார்லிங்’ என்று கேட்டால் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன். சிலருக்கு எரியும். முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவராக இருப்பார், சர்ஜனாக இருந்திருப்பார், அவரைப் போய் ‘குட் கேர்ள்’ என்றால்? வயசானவர்களிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுவதை இங்கே ‘எல்டர்ஸ்பீக்’ என்கிறார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களிடம் அப்படிப் பேசும்போது அவர்கள் பராமரிப்புக்கு ஒத்துழைக்காமல் முரண்டு பிடிப்பது கூடுகிறது என்று அமெரிக்காவில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். குளிக்க வைக்கும்போது கையைத் தட்டிவிடுகிற பாட்டி ஏன் தட்டிவிடுகிறார் என்று ஒரு தடவை யோசி.

‘ஹலோ மை நேம் இஸ்’ என்ற மஞ்சள் பேட்ஜை உங்கள் ஆஸ்பத்திரியிலும் பார்த்திருப்பாய். கேட் கிரேஞ்சர் என்ற முதியோர் மருத்துவர் தொடங்கியது, 2013-ல். அவருக்கே புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்களில் பலர் தங்கள் பேரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2016-ல் இறந்துவிட்டார், அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. நிலைத்து நின்றுவிட்டது என்று சொல்கிறேன். நீ உன் பேரைச் சொல்லு, பிறகு ‘வாட் வுட் யூ லைக் மி டு கால் யூ?’ என்று கேள். இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய எழுதின ஆஸ்கி செய்முறைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அதே வரிதான். மிசஸ் போட்டு முழுப் பேர் என்றால் அப்படி. ‘டக் போதும்மா’ என்றால் தாராளமாக டக். கேர் பிளானில் எழுதி வைத்துவிடு, நைட் டியூட்டிக்கு வருகிறவளுக்கும் தெரியட்டும்.

கேள்வி: பாலக்கோடு, இப்போது லெஸ்டர்

அக்கா, நான் ஐடி. ஆபீஸ்ல பொண்ணுங்க சில பேரு ‘தேங்க்ஸ் லவ்’ங்கறாங்க. நானும் அப்படியே பதில் போடலாமா? திருப்பிச் சொல்லலாம்னு நீங்கதான சொன்னீங்க?

பதில்: கிருஷ்ணகிரி, ஷெஃபீல்ட்

தம்பி, திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன், சொல்லியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. லெஸ்டர் சந்தையில் பழக்கடைக்காரர் ‘மை டக்’ என்றால் நீயும் ‘சியர்ஸ் டக்’ என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு வா. ஆம்பளைங்களிடம் ‘மேட்’. ஆபீஸில் பெண்களிடம் பேர் மட்டும். இன்னொன்று, டீம்ஸில் ‘டியர், ப்ளீஸ் ஷேர் த ஃபைல்’ என்று அனுப்புகிற பழக்கம் பெங்களூரிலிருந்து கொண்டு வந்திருந்தால் இன்றைக்கே நிறுத்து. ‘ஹாய்’ போட்டு அவர் பேரைப் போடு, ஸ்பெல்லிங்கை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு.