பத்மநாபபுரம் கொட்டாரம்: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

மார்த்தாண்டத்துக்காரி:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் வசிக்கும் என் அண்ணன் குடும்பத்தார் காலாண்டு விடுமுறையில் இங்கே வருகிறார்கள். கன்னியாகுமரியும் திற்பரப்பும் முன்பே பார்த்தாகிவிட்டதால், இந்த முறை வேளிமலை அடிவாரத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டிருக்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: தக்கலை வழியாகப் பேருந்தில் எத்தனையோ முறை போய் வந்தும், ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக வரிசையில் நடந்து பார்த்ததற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. உள்ளங்காலில் பட்ட தரையின் குளிர்ச்சி ஒன்றுதான் நினைவில் இருக்கிறது.

என் ஐயங்கள் இவை. அம்மாவுக்கு வயது 72, இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. அவரால் உள்ளே சுற்றிப் பார்க்க முடியுமா? அரை நாள் போதுமா? அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. மலை, ராஜா என்று கேட்டதிலிருந்து பீரங்கியும் கருங்கல் மதிலும் இருக்குமா என்று தொலைபேசியில் நச்சரிக்கிறான். அவனிடம் என்ன சொல்லி வைப்பது?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தக்கலை:

தங்கள் மருமகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிற பெரியவர்களுக்கும் அந்தக் குழப்பம் உண்டு. கோட்டை வேறு, கொட்டாரம் என்கிற அரண்மனை வேறு. பத்மநாபபுரத்தில் இரண்டும் உள்ளன. ஊரைச் சுற்றி ஏறத்தாழ 185 ஏக்கர் பரப்பை வளைத்து நிற்கும் கருங்கல் மதில்தான் கோட்டை. அதற்கு உள்ளே ஆறு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் இருப்பது கொட்டாரம். அது பெரும்பாலும் மரம். கற்கோட்டையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஓட்டுக்கூரையைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் தேக்கும் பலாவும் குறைவில்லாமல் கிடைத்த நாட்டில், ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடத்தில், சரிந்த கூரையும் காற்று நுழையும் மர அழிகளும் (சட்டத் தடுப்புகளும்) வைத்துக் கட்டினார்கள் என்பதில் வியப்பென்ன?

இந்த ஊரின் பழைய பெயர் கல்குளம். வட்டத்தின் பெயராக அது இன்றும் வழங்குகிறது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மன்னர் மார்த்தாண்ட வர்மா கொட்டாரத்தை விரிவாக்கிக் கட்டினார். 1750இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்துத் தம்மை அவருடைய தாசர் என்று அறிவித்த பிறகு இவ்வூர் பத்மநாபபுரம் ஆயிற்று. அதே நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும், கொட்டாரம் மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் தொடர்ந்தது. ஆகவே விடுமுறை நாட்களை அவர்களுடைய பட்டியலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் வருவது பூமுகம் என்கிற முகப்பு மண்டபம். அங்கே எல்லோரும் சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து தலையை நிமிர்த்தி மேற்கூரையைப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய பூக்களை 90 என்று வழிகாட்டிகள் எண்ணிச் சொல்வார்கள். ஒன்றைப் போல ஒன்று இராது. பையனை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், நச்சரிப்பு சற்று அடங்கும். அங்கேயே சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலை தவறாமல் நிற்கும்.

குளச்சல் வாசகி:

ஆசிரியர் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்ற ஆண்டு என் மாமியாரை அழைத்துச் சென்று பட்டறிந்தவள் நான். பூமுகத்திலிருந்து, மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி குறுகலானது, செங்குத்தானது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பின்னால் வருகிற கூட்டம் நின்று காத்திருக்காது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்துகிறது. கதவு நிலைகளும் தாழ்வானவை, குனியாமல் போனால் நெற்றியில் இடிக்கும். செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும் என்பதால், வெறுங்காலில் நடக்கச் சிரமப்படுகிறவர்கள் காலுறை கொண்டு வருவது நல்லது, ஆனால் அந்த வழுவழுப்பான தரையில் காலுறை வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்காக உங்கள் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம். மாடிக்கு ஏறாமலேயே பூமுகத்தையும் முற்றங்களையும் நவராத்திரி மண்டபத்தின் கல்தூண்களையும் பார்க்கலாம். நாலுகெட்டாக (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டாக) அமைந்த தாய்க் கொட்டாரம் இருப்பதிலேயே பழமையானது; அங்குள்ள ஏகாந்த மண்டபத்தின் பலாமரத் தூணை என் மாமியார் கால்மணி நேரம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயிலில் இருக்கும் பணியாளர்களிடம் முதலிலேயே நிலைமையைச் சொல்லிவிட்டால், எந்தப் பகுதிகளுக்குப் படியில்லாமல் போகலாம் என்று அவர்களே காட்டுவார்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். காலை ஒன்பது மணிக்குத் திறந்து மதியம் ஒரு மணி நேரம் மூடுகிறார்கள். நாங்கள் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்து, பாதியில் அவசரப்பட்டு வெளியே வந்தோம். தவறு எங்களுடையதுதான், வழியில் நுங்கு வாங்க நிறுத்தியிருக்கக் கூடாது.

கட்டுமானத் தொழிலில் இருப்பவன், திருவட்டார்:

தரையின் குளிர்ச்சி நினைவில் இருக்கிறது என்று சகோதரி எழுதியதால் இதை எழுதுகிறேன். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச்சாறு ஆகியவற்றைக் கலந்து அந்தக் கறுப்புத் தரையைப் போட்டதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்டவர்கள் முட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், பளபளப்பின் பெரும்பங்கு கையுழைப்பினுடையது. சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும், சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும். அந்த அவகாசத்தில் வழவழப்பான கல்லைக் கொண்டு ஈரம் வற்றும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் கண்ணாடி போன்ற முகம் வரும். இன்று அப்படித் தேய்க்கக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லை, தேய்க்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். நவராத்திரி மண்டபத்தில் சற்றுத் தள்ளி நின்று, தூணின் நிழல் தரையில் எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

புலியூர்க்குறிச்சியான்:

பையனின் பீரங்கிக் கனவை ஏன் கலைக்க வேண்டும்? எங்கள் ஊரில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. தனிக்குன்று ஒன்றைச் சுற்றிக் கருங்கல் மதில் எழுப்பிய கோட்டை அது. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரானார். இந்தக் கோட்டையைப் புதுப்பித்ததும், உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தியதும் அவர் பொறுப்பில்தான். 1777இல் இறந்த அவருடைய கல்லறை, இடிந்த சிற்றாலயத்துக்குள் லத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல்வெட்டோடு இருக்கிறது. தோற்றவன் தன்னை வென்றவனுக்கே கோட்டை கட்டிக் கொடுத்த கதையைச் சொன்னால் எந்தப் பையனும் வாய் பிளப்பான்.

ஆனால் இரண்டையும் ஒரே காலையில் அடைக்க வேண்டாம். கொட்டாரத்துக்கே மூன்று மணி நேரம் வேண்டும். பிற்பகலில் கோட்டைக்கு வந்தால், உங்கள் அம்மா கீழே மரநிழலில் அமர்ந்திருக்கலாம்.

மார்த்தாண்டத்துக்காரி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே வாயிலில் நிற்பது என்றும், அம்மாவோடு நான் கீழே இருந்துகொண்டு மற்றவர்களை மாடிக்கு அனுப்புவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். ஒரேயொரு கேள்வி மீதம் இருக்கிறது: நவராத்திரிக்கு முந்தைய நாட்களில் வந்தால் கூட்டம் தாங்காது என்கிறார்களே, உண்மையா?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தக்கலை:

நவராத்திரி விழாவுக்காகக் கொட்டாரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் சிலை திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாளில் மட்டும் அப்படித்தான். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்ல, உப்பரிகை மாளிகையில் வைத்து அரச உடைவாள் கைமாறும். அன்று நின்று பார்க்க இடம் கிடைப்பது அரிது. அந்த நாளைத் தவிர்த்துவிட்டு வேறெந்தப் புதன்கிழமையும் வாருங்கள். உப்பரிகை மாளிகையில் 64 வகை மூலிகை மரங்களால் இழைத்ததாகச் சொல்லப்படும் கட்டிலைப் பார்க்க மேலே ஏறியாக வேண்டும். அதைப் படம் எடுத்து வந்து அம்மாவுக்குக் காட்டலாம். படம் எடுப்பதற்குத் தனிக்கட்டணம் உண்டு, நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அதையும் செலுத்திவிடுங்கள்.