[கலைச்சொல்] லாஞ்சர் – தமிழில் என்ன? ஞாயிறு இரவுக்குள் வேண்டும்

அனுப்புநர்: ம., கோவை
வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற லாஞ்சர் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாச் சரமும் (திரையில் தெரியும் வாசகங்கள்) முடிந்துவிட்டது, அதன் பெயரே பாக்கி. ஞாயிறு நள்ளிரவு மொழிபெயர்ப்பைப் பூட்டிவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த பதிப்புதான்.

இதுவரை மாற்றிப் பார்க்காதவர்களுக்கு: ஹோம் பொத்தானை அழுத்தினால் ஒரு திரை வருகிறதே, படவுருக்கள், கடிகார விட்ஜெட், கீழே நிலையாக நாலைந்து செயலிகள், அது முழுக்கவே ஒரு தனிச் செயலிதான். போனோடு வந்தது பிடிக்காவிட்டால் வேறொன்றை நிறுவலாம். நிறுவியதும் ஹோமை அழுத்தினால் எதைத் திறப்பது, இந்த ஒருமுறையா எப்போதுமா என்று சில போன்கள் கேட்கும். அதன்பின் கட்டங்களின் எண்ணிக்கை, படவுருக்களின் உருவம், விரலை மேலே தேய்த்தால் என்ன, இருமுறை தட்டினால் என்ன என்று எல்லாம் நம் இஷ்டம். ஐபோனில் இதற்கு இடமில்லை.

எனக்கு வேண்டியது இந்த மூன்று சரங்களுக்கு: 'இயல்பு லாஞ்சராக அமை', 'லாஞ்சரை மீண்டும் தொடங்கு', 'லாஞ்சர் அமைப்புகள்'. முன்பு யாரோ 'துவக்கி' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே விடவா?

ஒரு வேண்டுகோள், சொல் குட்டையாக இருக்கட்டும். திரையில் 5 நெடுவரிசை வைத்தால் 'நாட்காட்டி'யே 'நாட்கா…' என்று அறுந்து நிற்கிறது.


அனுப்புநர்: தி., தஞ்சாவூர்
வெள்ளி, காலை 5.15

அன்பு மகளுக்கு,

'துவக்கி'யை முதலில் எடு. தொடங்கு, தொடக்கம் என்பதே வழக்கு. துவங்கு என்பது அதன் திரிபு. சரி, 'தொடங்கி' என்று வைக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. 'சென்னை தொடங்கிக் குமரி வரை' என்பதுபோல வினையெச்சமாகவே காதில் விழும்.

'ஏவி' என்று வை. இரண்டே எழுத்து. ஏ என்பது ஓரெழுத்தொருமொழி, அம்பு என்று பொருள். ஏ-வைச் செலுத்துவது ஏவு. ராக்கெட்டுக்கு ஏவுகலம், ஏவூர்தி என்று ஏற்கெனவே வழங்குகிறோம். ஆங்கிலத்திலும் ராக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே சொல்தானே? ஏகலைவன் பெயரே ஏ + கலை + வன், அம்புக்கலையில் வல்லவன் என்பதுதான். வடமொழியாளர் அதை…

(மடலின் எஞ்சிய பகுதி ஏகலைவன் பற்றியது. தனியே இணைத்துள்ளேன்.)


அனுப்புநர்: ப., பெங்களூரு
வெள்ளி, காலை 9.02

ஐயா, ஏகலைவனை விட்டுவிடுவோம். அவர் ஏற்கெனவே ஒரு கட்டைவிரலைக் கொடுத்தவர், போனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? தவிர அது ஏகலவ்யன் என்பதிலிருந்து வந்தது. தமிழில் பிரித்தால் பிரியும் என்பதற்காக எல்லாம் தமிழாகிவிடாது.

'ஏவி'யில் எனக்கு உள்ள தயக்கம் வேறு. 'ஏவல்' என்று கூகுளில் தேடிப் பாருங்கள். முதல் பக்கம் முழுக்க பில்லி, சூனியம், ஏவல் எடுக்கும் சாமியார்களின் தொலைபேசி எண்கள். எங்கள் அத்தையின் போனில் 'இயல்பு ஏவியாக அமைக்கவா?' என்று வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு நேரே கோவிலுக்குப் போய்விடுவார்.


அனுப்புநர்: சி., யாழ்ப்பாணம்
வெள்ளி, மதியம் 12.30

வணக்கம். பிள்ளை, 'துவக்கி'யை எடுக்கிறது நல்லது எண்டுதான் நானும் சொல்லுறன். ஐயா சொன்ன இலக்கணத்துக்காக இல்லை. எங்கட பக்கம் துவக்கு எண்டால் துப்பாக்கி. 'துவக்கியை மீண்டும் தொடங்கு' எண்டு ஒரு போன் கேட்டால் எங்கட சனம் சிரிக்காது.

இன்னொண்டும் சொல்ல வேணும். மேலே தேய்த்தால் எல்லாச் செயலியும் வரிசையா வரும் பெட்டிக்கு என்ன போட்டிருக்கிறீர்? நாங்கள் மேசை இழுப்பறையை லாச்சி எண்டுதான் சொல்லுவம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 'செயலி லாச்சி' எண்டால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.


அனுப்புநர்: ம., கோவை
வெள்ளி, மதியம் 1.10

அண்ணா, அதற்கு 'செயலி இழுப்பறை' என்று போட்டுவிட்டேன். இங்கே பேச்சில் 'ஆப் டிராயர்' என்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அரைக்கால் சட்டைக்கும் டிராயர் என்றே பெயர். மாணவர்களுக்குச் செய்து காட்டும்போது 'ஆப் டிராயரை மேலே இழுங்கள்' என்று சொன்னேன், அதோடு வகுப்பு முடிந்தது.

லாச்சி அழகாக இருக்கிறது. தமிழ்நாட்டில் புரியாதே?


அனுப்புநர்: சி., யாழ்ப்பாணம்
வெள்ளி, மதியம் 1.25

இழுப்பறையும் எத்தனை பேருக்கு விளங்குது எண்டு ஒருக்கா கேட்டுப் பாரும்.


அனுப்புநர்: தி., தஞ்சாவூர்
வெள்ளி, மாலை 4.00

துவக்கு, துப்பாக்கி இரண்டும் துருக்கியிலிருந்து வந்தவை என்பார்கள். ஆனால் வள்ளுவரிடமே துப்பாக்கி உண்டு என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி', 12ஆம் குறள். துப்பு + ஆக்கி, உணவை உண்டாக்கி. நகைச்சுவைக்காகத்தான் சொன்னேன், பெங்களூருத் தம்பி சினம் கொள்ள வேண்டாம். ஆனால் பாருங்கள், அந்த 'ஆக்கி'யும் வினையெச்சமே. ஆகவே 'தொடங்கி' வினையெச்சம் என்று நான் தள்ளியது வலுவான காரணமல்ல என்று யாராவது சொல்லலாம். 'உலாவி' நிலைத்துவிட்டதே என்றும் சொல்லலாம். சொல்லுங்கள், மறுமொழி வைத்திருக்கிறேன்.

இடையில் மருமகன் ஒரு செய்தி சொன்னார். இவ்வகைச் செயலிகளில் பெயர்பெற்றது 'நோவா' என்பதாம். நோதல் என்னும் வினையில் பிறந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! செல்லாக் காசு போல நோவா ஏவி, நோகாத ஏவி. பெயர் வைத்தவனுக்கே தெரியாமல் தமிழ் வைத்திருக்கிறான்.


அனுப்புநர்: ஹ., சென்னை
வெள்ளி, மாலை 4.20

இழைக்குத் தொடர்பில்லாத கேள்விக்கு மன்னிக்கவும். நோவாவை 2022-இல் பிராஞ்ச் என்ற நிறுவனம் வாங்கியது, அதை உருவாக்கியவரும் 2025-இல் வெளியேறிவிட்டார். நோவாவிலிருந்து எதற்கு மாறலாம்? என் பழைய திரை அமைப்பு அப்படியே வேண்டும்.


அனுப்புநர்: ப., பெங்களூரு
வெள்ளி, மாலை 4.50

ஹ., தனி மடல் போடுகிறேன். சுருக்கமாக: நோவாவின் காப்புக்கோப்பு மற்றவற்றில் அப்படியே விரியும் என்று நம்பாதீர்கள். திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு கையால் அடுக்குங்கள். கட்டற்றது வேண்டுமென்றால் லான்சேர் இருக்கிறது. லாஞ்சர் என்ற ஒலியைத் திரித்துப் புல்வெளி நாற்காலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இழைக்கு வருகிறேன். நாம் எல்லோரும் 'லாஞ்ச்' என்ற வினைக்குத் தமிழ் தேடுகிறோம். இந்தச் செயலி எதையும் ஏவுவதே இல்லை. படவுருவைத் தொட்டால் 'இன்ன செயலியைத் திற' என்று ஆண்ட்ராய்டிடம் விண்ணப்பம் போடுகிறது, அவ்வளவுதான். நிரலர்கள் இதை இன்டென்ட் என்போம். அறிவிப்பைத் தொட்டாலும், வாட்ஸாப்பில் வந்த சுட்டியைத் தொட்டாலும் அதே விண்ணப்பம்தான் போகிறது. ஆக, திறப்பது இதன் தனிச்சிறப்பு அல்ல.

தனிச்சிறப்பு எது என்றால், ஒவ்வொரு செயலிக்கும் உள்ள அறிவிக்கைக் கோப்பில் 'ஹோம் அழுத்தினால் நான் வருவேன்' என்று இது ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை ஒரு கால்குலேட்டரின் கோப்பில் சேர்த்தால் அதையும் நீங்கள் முகப்பாக வைக்கலாம். அந்த வரியை எடுத்துவிட்டால் ஆயிரம் வசதி உள்ள லாஞ்சரும் வெறும் செயலி. கூகுளுக்கே இது தெரியும். அமைப்புகளில் இயல்புச் செயலிகள் பகுதிக்குப் போனால் ஆங்கிலத்தில் 'ஹோம் ஆப்' என்றுதான் எழுதியிருக்கும், லாஞ்சர் என்று இருக்காது.

எனவே 'முகப்புச் செயலி'. 'முகப்புத் திரை' ஏற்கெனவே எல்லாத் தமிழ் போனிலும் இருக்கிறது. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.


அனுப்புநர்: லெ., கோலாலம்பூர்
வெள்ளி, இரவு 11.30 (எங்கள் நேரம்)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருத் தம்பி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் செயலி என்பதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறதே? நுண்செயலி, சொற்செயலி என்று நாம் வைத்தபோது அது ப்ராசசருக்கான சொல். பிறகு அதே சொல் ஆப்புக்கும் போய்விட்டது. எங்கள் ஊரில் குழப்பம் வேண்டாம் என்று 'குறுஞ்செயலி' என்று எழுதுகிறோம். அப்படிப் பார்த்தால் இது 'முகப்புக் குறுஞ்செயலி'. நெடுவரிசை தாங்குமா, ம.?


அனுப்புநர்: ம., கோவை
சனி, காலை 7.20

அக்கா, அந்த நீளத்துக்குப் பொத்தானே இரண்டாக மடியும்.

செயலி இரண்டுக்கும் வருவது உண்மைதான், ஆனால் போன் திரையில் ப்ராசசரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இடம் பார்த்துப் பொருள் தெரிந்துவிடும்.

வெறும் 'முகப்பு' போதுமா? 'முகப்பை மீண்டும் தொடங்கு'?


அனுப்புநர்: ப., பெங்களூரு
சனி, காலை 8.05

போதாது. முகப்புத் திரை என்பது இந்தச் செயலி காட்டும் பல இடங்களில் ஒன்று. இழுப்பறையும் இதனுடையதுதான். ஆண்ட்ராய்டு 9 முதல் அண்மையில் திறந்த செயலிகளின் திரையைக்கூடப் போனோடு வரும் லாஞ்சருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து நிறுவியவற்றில் விரலைத் தேய்த்து முகப்புத் திரைக்குத் திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போவது அதனால்தான். பகுதியின் பெயரை முழுமைக்கு வைத்தால் உதவிப் பக்கம் எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள்.


அனுப்புநர்: தி., தஞ்சாவூர்
சனி, காலை 8.40

பகுதிப் பெயர் முழுமைக்கு ஆவது சினையாகுபெயர். தமிழுக்குப் புதிதன்று, 'தலைக்கு நூறு ரூபாய்' என்பதில்லையா? தம்பி தொழில்நுட்பம் அறிந்தவர். இலக்கணத்தை எங்களிடம் விட்டுவிடட்டும்.

ஆனால் அவர் கருத்தில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இது வினை அல்ல, இடம் என்கிறார். உண்மை. ஏவி-யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இடம் என்றால் 'முகப்பு' எதற்கு? அது கட்டடத்தின் முன்பக்கம், வெளியே நின்று பார்ப்பது. வெளியே போய்விட்டுத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடத்துக்கு நம்மிடம் 'முன்றில்' இருக்கிறது. இல்லின் முன், இல்முன், முன்றில். இலக்கணப்போலிக்குப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் முதல் எடுத்துக்காட்டு. ஹோமில் உள்ள 'இல்'லும் அதில் இருக்கிறது. முன்றில் என்பது திரை, 'முன்றிலி' என்பது செயலி. நான்கே எழுத்து.


அனுப்புநர்: ப., பெங்களூரு
சனி, காலை 8.52

முன்றிலி என்றால் முன்றில் இல்லாதது என்றல்லவா படிப்பார்கள்? உயிரிலி போல.


அனுப்புநர்: தி., தஞ்சாவூர்
சனி, காலை 9.10

முன்று + இலி என்று பிரித்தால்தான் அப்படி. முன்று என்றொரு சொல் எங்கே இருக்கிறது?


அனுப்புநர்: சி., யாழ்ப்பாணம்
சனி, காலை 10.00

ஐயா, குறை நினைக்க வேண்டாம். முன்றில் வடிவான சொல். ஆனால் எங்கட வீட்டு முன்னுக்கு இருக்கிறதை நாங்கள் முத்தம் எண்டுதான் சொல்லுறம். முற்றத்தின்ர பேச்சு வழக்கு. அதையும் போனில போட ஏலாது, காரணம் உங்களுக்கே தெரியும்.

லாஞ்சர் எண்டே விட்டால் என்ன? 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' எண்டு தொல்காப்பியரே வழி விட்டவர். எழுத்தைத் தமிழாக்கினால் சொல் வரலாம். லாஞ்சர் எண்டு தேடி நிறுவுற ஆளுக்கு உள்ளுக்குப் போனதும் வேற பேர் காட்டினால், தான் நிறுவினது இதுதானோ எண்டு முழிப்பார். விட்ஜெட்டை அப்படியே விட்டனாங்கள்தானே?


அனுப்புநர்: தி., தஞ்சாவூர்
சனி, காலை 10.30

வடசொல்லுக்குச் சொன்ன விதியை ஆங்கிலத்துக்கு நீட்டுவது உரையாசிரியர் வேலை. மேலும் தொல்காப்பியர் சொன்னபடி பார்த்தால் லகரம் மொழிக்கு முதலில் வராது, 'இலாஞ்சர்' என்று எழுத வேண்டும். எழுதுவீர்களா? 'பழையன கழிதலும்' என்று அடுத்து யாரும் தொடங்க வேண்டாம், அதற்கும் மறுமொழி உண்டு.


அனுப்புநர்: லெ., கோலாலம்பூர்
சனி, இரவு 10.15 (எங்கள் நேரம்)

நான் முகப்புச் செயலிக்கு. முன்றில் கவிதைக்கு வைத்துக்கொள்வோம், ஐயா. என் மகளிடம் இரண்டையும் காட்டினேன். முகப்புச் செயலியை ஹோம் ஆப் என்று உடனே சொல்லிவிட்டாள். முன்றிலைப் பார்த்து 'மூன்றில் எழுத்துப்பிழையா?' என்றாள்.


அனுப்புநர்: ம., கோவை
ஞாயிறு, இரவு 10.50

நேரம் ஆகிவிட்டது. மூன்று சரங்களும் இப்படிப் போகின்றன: 'இயல்பு முகப்புச் செயலியாக அமை', 'முகப்புச் செயலியை மீண்டும் தொடங்கு', 'முகப்புச் செயலி அமைப்புகள்'. செயலிக் கடை விவரிப்பில் மட்டும் 'லாஞ்சர்' என்ற சொல்லையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன், தேடி வருபவர்களுக்காக. சி. அண்ணா சொன்னது அந்த அளவுக்குச் சரி. இழுப்பறை இழுப்பறையாகவே இருக்கிறது.

எதிர்ப்பு இருந்தால் 11.30-க்குள் சொல்லுங்கள்.


அனுப்புநர்: ப., பெங்களூரு
ஞாயிறு, இரவு 10.58

ஆதரவு. 'இயல்பு' மட்டும் இடிக்கிறது. டிஃபால்ட்டுக்கு 'முன்னிருப்பு' என்றல்லவா பத்து வருடமாகச் சண்டை போட்டு முடிவு செய்தோம்?


அனுப்புநர்: லெ., கோலாலம்பூர்
திங்கள், காலை 1.35 (எங்கள் நேரம்)

முடிவு செய்யவில்லை தம்பி. நீங்கள் தூங்கப் போனீர்கள், இழை அத்தோடு நின்றது.


அனுப்புநர்: ம., கோவை
ஞாயிறு, இரவு 11.41

அனுப்பிவிட்டேன். 'இயல்பு' அடுத்த பதிப்பில்.


அனுப்புநர்: தி., தஞ்சாவூர்
திங்கள், காலை 5.10

மகளே, உழைப்புக்கு வாழ்த்து. என் மாற்றுக் கருத்தைக் குழுவின் ஆவணத்தில் பதிவு செய்துகொள்ளவும்: முன்றில் திரைக்கும், செயலிக்கு வேறு ஈறு கண்டபின் அதற்கும். 'இலி' இடிக்கிறதென்றால் 'முன்றிலகம்' பார்க்கலாம். இல், அகம் இரண்டும் வீடாகிவிடுகிறது என்பது அறிவேன்.

விட்ஜெட்டை ஏன் அப்படியே விட்டீர்கள் என்பது பற்றி இன்று மாலை தனி இழை தொடங்குகிறேன்.