புதுப்பிப்பு: நேவிகேஷனில் டிராஃபிக் தகவல் வராதது ஏன்?

முந்தைய பதிவில் ‘வழி சரியாகக் காட்டுகிறது, டிராஃபிக் மட்டும் வரவில்லை, ஜிபிஎஸ் கோளாறா’ என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: இல்லை. ஜிபிஎஸ் வண்டி இருக்கும் இடத்தைக் கணக்கிட மட்டுமே. நெரிசல் தகவல் வருவது வேறு பாதையில்.

பழைய நேவிகேஷன் கருவிகளில் அது எஃப்எம் வானொலி வழியே வரும். பாட்டோடு சேர்ந்து 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஆர்டிஎஸ் (எஃப்எம் ஒலிபரப்போடு சிறு தகவல்களை அனுப்பும் முறை) தரவு ஓடுகிறது. நொடிக்கு வெறும் 1187.5 பிட். இவ்வளவு குறுகலான குழாயில் வாக்கியம் அனுப்ப முடியுமா? அதனால்தான் டிஎம்சி எனப்படும், ஆர்டிஎஸ் வழியே நெரிசல் செய்தி அனுப்பும் முறையில் எண்கள் மட்டும் வருகின்றன: என்ன நடந்தது என்பதற்கு 11 பிட், எந்த இடம் என்பதற்கு 16 பிட். அந்த எண்ணை ஊர்ப்பெயராக மாற்றும் அட்டவணை கருவிக்குள்ளேயே, வரைபடத்தோடு இருக்கிறது. வரைபடம் பழசானால் புதிய இட எண்கள் அதற்குப் புரியாது. செய்தி வந்தும் திரையில் ஒன்றும் தெரியாது.

முதலில் சார்ஜர் ஒயரைப் பாருங்கள். பல கையடக்கக் கருவிகளில் எஃப்எம் ரிசீவரும் ஆன்டெனாவும் அந்த ஒயரில்தான் உள்ளன. சாதாரண யுஎஸ்பி ஒயர் போட்டால் சார்ஜ் ஏறும், டிராஃபிக் வராது! ஒயரைச் சுருட்டி வைக்காமல் கண்ணாடி ஓரமாக நீட்டி ஒட்டுங்கள். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி சிக்னலை மறைக்கும்.

சிம் அல்லது போன் வழி இணையத்தில் இயங்கும் கருவிகளுக்கு இது பொருந்தாது. அங்கே டேட்டா இணைப்பையும் சந்தாவையும் பாருங்கள்.